புரட்சிக்கால அமெரிக்க வரலாறு: ஆசிரியர்களுக்கான ஒருநாள் பயிற்சியை எப்படி அமைக்கலாம்?

கேள்வி: தக்கலை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். தக்கலைக்கு அருகிலுள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். அக்கம்பக்கப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் எங்கள் குறுவள மையத்தில் விரைவில் நடக்கவிருக்கும் ஒருநாள் பயிற்சியில், ஒன்பதாம் வகுப்பின் ‘புரட்சிகளின் காலம்’ பாடத்திலுள்ள அமெரிக்க விடுதலைப் போர்ப் பகுதியை நடத்தித் தரும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. பங்கேற்கப் போகிறவர்கள் எல்லோரும் இந்தப் பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறவர்கள். 1765இல் முத்திரைச் சட்டம், 1773இல் பாஸ்டன் தேநீர் விருந்து, 1776 ஜூலை 4இல் விடுதலை அறிவிப்பு, 1783இல் பாரிஸ் உடன்படிக்கை என்ற வரிசையை நான் சொல்லித்தான் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. முன்பு நான் கலந்துகொண்ட ஒரு பயிற்சியில், பாடநூலில் உள்ளதையே திரையில் காட்டி மாலை வரை வாசித்தார்கள். வகுப்பறைக்குக் கொண்டுபோக அதில் ஒன்றும் இருக்கவில்லை. அப்படியொரு நாளை என் சக ஆசிரியர்களுக்குத் தர எனக்கு மனமில்லை.

வரி கூடியது, மக்கள் கொதித்தெழுந்தார்கள், போரிட்டு வென்றார்கள் என்று மூன்று வரியில் எழுதிவிட்டு மாணவர்கள் நின்றுவிடுகிறார்கள். பாஸ்டன் துறைமுகத்தில் நடந்ததை நாம் எதற்குப் படிக்க வேண்டும் என்று ஒரு மாணவி வெளிப்படையாகவே கேட்டாள்; அது நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதியவர்களே அடிமைகளை வைத்திருந்தார்கள் என்பதை வகுப்பில் எந்த அளவுக்குப் பேசுவது என்பதிலும் எனக்குத் தெளிவில்லை. எங்கள் பள்ளிகள் தமிழ்வழிப் பள்ளிகள். அமெரிக்க ஆவணங்கள் ஆங்கிலத்தில், அதுவும் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில், இருக்கின்றன. இவற்றையெல்லாம் கருத்தில் கொண்டு அந்த நாளை எப்படி அமைக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: குழித்துறை பட்டதாரி ஆசிரியர்

வணக்கம் டீச்சர். பயிற்சியில் ஆசிரியர்கள் கேட்பவர்களாக அல்லாமல் செய்பவர்களாக இருக்க வேண்டும் என்பதே என் முதல் ஆலோசனை. காலையில் அவர்கள் கையில் இரண்டு சிறு தாள்களைக் கொடுங்கள். தலைப்பும் விளக்கமும் வேண்டாம்.

1775 ஏப்ரல் 19 அதிகாலையில் மாசசூசெட்ஸின் லெக்சிங்டன் ஊர்த் திடலில் போரின் முதல் குண்டைச் சுட்டவர் யார் என்பது இன்றுவரை முடிவாகாத கேள்வி. குடியேற்ற மக்களின் குடிப்படையைச் சேர்ந்த 34 பேர், ஏப்ரல் 25 அன்று நடுவர்களின் முன்னிலையில் சத்தியப் பிரமாணம் செய்து, தாங்கள் கலைந்து போய்க்கொண்டிருந்தபோது, தங்கள் முதுகு திரும்பியிருந்த வேளையில், பிரிட்டிஷ் படைவீரர்கள் சுட்டார்கள் என்று வாக்குமூலம் தந்தார்கள். ஜான் பார்க்கர் என்ற பிரிட்டிஷ் இளநிலை அதிகாரியோ, எதிரே நின்றவர்கள் முதலில் ஓரிரு குண்டுகளைச் சுட்டார்கள் என்றும், அதன் பிறகு தங்கள் வீரர்கள் உத்தரவில்லாமலே பாய்ந்து சுட்டார்கள் என்றும் தம் நாட்குறிப்பில் எழுதினார். இரண்டும் நேரில் இருந்தவர்களின் சொற்கள். இரண்டும் சம்பவத்தை ஒட்டி எழுதப்பட்டவை. எதை நம்புவது, ஏன் நம்புவது என்று ஆசிரியர்கள் தனித்தனியாக எழுதட்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதிடட்டும்.

வாதம் சூடுபிடித்த பிறகே அந்தத் தாள்களின் பின்னணியைச் சொல்லுங்கள். வாக்குமூலங்களைத் திரட்டியது மாசசூசெட்ஸ் மாகாணப் பேரவை. விரைந்து செல்லும் ஒரு கப்பலில் அவற்றை லண்டனுக்கு அனுப்பினார்கள். பிரிட்டிஷ் தளபதி கேஜின் அலுவல் அறிக்கைக்கு முன்பே அவை அங்கே போய்ச் சேர்ந்தன. அதாவது, இங்கிலாந்து மக்களின் மனத்தை வெல்வதற்காகவே அவை எழுதப்பட்டன. பார்க்கரின் குறிப்பு ஊராருக்காக எழுதப்பட்டதன்று. தம் தரப்பு வீரர்கள் உத்தரவை மீறியதை அவர் மறைக்கவும் இல்லை. இந்த விவரங்கள் தெரிந்ததும் பலர் தாங்கள் முதலில் எழுதியதைத் திருத்த முற்படுவார்கள். அந்தத் திருத்தம்தான் வரலாற்றுச் சிந்தனை. தாமே ஒருமுறை அதைச் செய்து பார்க்காத ஆசிரியரால் மாணவரிடம் அதைக் கொண்டுவர இயலாது என்பது என் உறுதியான கருத்து.

மொழிச் சிக்கலுக்குப் படங்கள் நல்ல வழி. பிரிட்டிஷ் படைவீரர்கள் கூட்டத்தின்மீது சுட்ட 1770 மார்ச் 5 பாஸ்டன் படுகொலையைப் பற்றி பால் ரெவியர் வெளியிட்ட செதுக்கோவியம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் படைவீரர்கள் ஒழுங்காக வரிசையில் நின்று சுடுகிறார்கள். அதிகாரி வாளை உயர்த்தி உத்தரவிடுகிறார். சுங்க அலுவலகத்தின் மேல் கசாப்புக்கூடம் என்ற பெயர்ப் பலகை தொங்குகிறது. எதிர்த்தரப்பில் நிராயுதபாணிகளான மக்கள் நிற்கிறார்கள். நீதிமன்றத்தில் வெளிப்பட்டதோ பனிக்கட்டியும் தடியும் வீசிய கூட்டம், குழப்பம், தெளிவில்லாத உத்தரவு. படைவீரர்களுக்காக வாதாடியவர் பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாம் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ். அதிகாரி பிரஸ்டன் விடுவிக்கப்பட்டார். எட்டு வீரர்களில் ஆறு பேர் விடுதலையானார்கள், இருவர் மட்டும் கொலையாகாத மரணத்தை விளைவித்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். முதலில் படத்தைக் காட்டி, மாணவர் என்னவெல்லாம் காண்கிறார் என்று கேட்டுவிட்டு, பின்னர் வழக்கின் முடிவைச் சொன்னால், ஒரு பாடவேளை போதும்.

பதில்: நாகர்கோவில் கல்லூரி வரலாற்றுப் பேராசிரியர்

உங்கள் மாணவி கேட்ட கேள்விக்கு விடை சொல்லும் கடமை நமக்கு உண்டு. அந்த விடை பாடநூலின் இரு வேறு பக்கங்களில் பிரிந்து கிடக்கிறது. பயிற்சியில் அவற்றை ஒன்றாக வைத்துக் காட்டலாம்.

தேயிலைச் சட்டம் வந்ததும் 1773, நம் மாணவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி பற்றிய பாடத்தில் படிக்கும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்ததும் 1773. இரண்டையும் கொண்டுவந்தது நார்த் பிரபுவின் அரசு; இரண்டுக்கும் காரணம் ஒன்று. 1770ஆம் ஆண்டை ஒட்டிய வங்காளப் பெரும்பஞ்சத்துக்குப் பின், 1772இல் கம்பெனி கடனில் மூழ்கி அரசின் உதவியைக் கேட்டது. அரசு கடன் கொடுத்தது. அதற்கு ஈடாகக் கம்பெனியின் இந்திய ஆட்சியின் மீது கட்டுப்பாடு விதித்தது. அதன் கிடங்குகளில் விற்காமல் தேங்கிக் கிடந்த தேயிலையை அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு நேரடியாக அனுப்பி விற்கவும் வழி செய்தது. அந்தத் தேயிலை சீனத்திலிருந்து வந்தது. நம் பிள்ளைகள் அதை இந்தியத் தேயிலை என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் இந்தியாவில் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான்.

இங்கே ஆசிரியர்கள் பலரும் தவறாகச் சொல்லும் ஒன்றையும் சரிசெய்ய வேண்டும். தேயிலைச் சட்டம் விலையை ஏற்றவில்லை, குறைத்தது. 1767இல் விதிக்கப்பட்ட பவுண்டு எடைக்கு மூன்று பென்ஸ் என்ற வரி அப்படியே நீடித்தபோதிலும், இங்கிலாந்தில் கட்ட வேண்டிய தீர்வை திருப்பித் தரப்பட்டதால், கள்ளக் கடத்தலில் வந்த டச்சுத் தேயிலையோடு போட்டியிடும் அளவுக்குக் கம்பெனித் தேயிலை மலிவாயிற்று. மலிவான தேயிலையை ஏன் கடலில் கொட்டினார்கள்? 1773 டிசம்பர் 16 இரவில் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டிகளைக் கொட்டியவர்களின் கணக்கு வேறு. அந்த மூன்று பென்ஸைக் கட்டிவிட்டால், தங்கள் பிரதிநிதி ஒருவரும் இல்லாத நாடாளுமன்றம் தங்கள்மீது வரி விதிக்கலாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதே அவர்கள் அச்சம். விற்பனை உரிமையைக் கம்பெனி தேர்ந்தெடுத்த ஒரு சில வணிகர்களுக்கு மட்டும் கொடுத்ததும் கோபத்தைக் கூட்டியது. அந்த ஆண்டு பென்சில்வேனிய அரசியல்வாதி ஜான் டிக்கின்சன் எழுதிய கடிதமொன்று, ஆசியாவில் கம்பெனி நடந்துகொண்ட விதத்தை எடுத்துக்காட்டி, அதே கை இப்போது நம்மை நோக்கி நீள்கிறது என்ற பொருளில் எச்சரித்தது. வங்காளத்தின் துயரம் பிலடெல்பியாவில் ஒரு வாதமாகியிருக்கிறது.

போரும் நம் கரைக்கு வந்தது. 1778இல் பிரான்ஸ் அமெரிக்கர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டு போரில் இறங்கியதும், பிரிட்டிஷார் அதே ஆண்டு அக்டோபரில் புதுச்சேரியைப் பிடித்தார்கள். 1779 மார்ச்சில் மாஹேயைப் பிடித்தார்கள். மாஹே துறைமுகத்தின் வழியாகத் தமக்கு ஆயுதம் வந்துகொண்டிருந்ததால் ஹைதர் அலி சினந்தார். 1780இல் கர்நாடகப் பகுதிக்குள் பெரும்படையுடன் புகுந்து, செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள பொள்ளிலூரில் கம்பெனிப் படையை நொறுக்கினார். அவர் புகழ் அட்லாண்டிக்கைக் கடந்தது: பென்சில்வேனியாவின் போர்க்கப்பல் ஒன்றுக்கு ‘ஹைதர் அலி’ என்று பெயர் வைத்தார்கள், 1782 ஏப்ரலில் டெலவேர் விரிகுடாவில் அது ஒரு பிரிட்டிஷ் கப்பலைக் கைப்பற்றியது. 1783 ஜூனில் கடலூருக்கு அப்பால் பிரெஞ்சுக் கடற்படையும் பிரிட்டிஷ் கடற்படையும் மோதியபோது, ஐரோப்பாவில் முதற்கட்ட அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகி மாதங்கள் கடந்திருந்தன. செய்திதான் இன்னும் வந்து சேரவில்லை.

குமரி மாவட்டத்துக்கு இன்னும் நெருக்கமான ஒருவர் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ். 1781 அக்டோபர் 19இல் யார்க்டவுனில் அவருடைய படை சரணடைந்தது. 1786இல் அவரே வங்காளத்தின் தலைமை ஆளுநராக இந்தியாவுக்கு வந்தார். 1789 டிசம்பரில் திப்பு சுல்தான் திருவிதாங்கூரின் வடக்கு எல்லை அரண்களைத் தாக்கியதைக் காரணம் காட்டி மூன்றாம் மைசூர்ப் போர் தொடங்கியது. 1791இல் கார்ன்வாலிஸ் நேரில் படைநடத்திப் பெங்களூரைப் பிடித்தார். அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் தர்மராஜா என்று அழைக்கப்பட்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மா. தலைநகர் உங்கள் பள்ளிக்குப் பக்கத்திலுள்ள பத்மநாபபுரம். வாய்ப்பிருந்தால் பயிற்சியின் ஒரு பகுதியைப் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் வைத்துக்கொள்ளுங்கள். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகிய, டச்சுப் படையைச் சேர்ந்த டிலெனாய் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவர் இறந்த 1777, அமெரிக்கர் சரடோகாவில் வென்ற ஆண்டு.

பதில்: அகஸ்தீஸ்வரம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

பேராசிரியர் அவர்கள் தந்த தொடர்புகள் அருமையானவை; நானும் அவற்றிலிருந்து கற்றுக்கொண்டேன். ஆயினும் கோட்டைப் பயணம் வேண்டாம் என்பேன். ஒருநாள் பயிற்சியில் பேருந்து, உணவு, புகைப்படம் என்று பாதி நாள் கரைந்துவிடும். டிலெனாயின் கல்லறையைப் பார்த்துவிட்டு வருகிற ஆசிரியருக்கு அமெரிக்கப் புரட்சியைப் பற்றிக் கூடுதலாக ஒன்றும் விளங்கியிருக்காது. ஒரே ஆண்டில் நடந்தவை என்பதனாலேயே இரு நிகழ்வுகள் தொடர்புடையவை ஆகிவிடா. 1773ஆம் ஆண்டின் இரு சட்டங்களுக்கிடையே காரணத் தொடர்பு இருக்கிறது. ஆகவே அதை எடுத்துக்கொள்ளுங்கள். கார்ன்வாலிஸை ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டு நகருங்கள்.

ஆசிரியர்களுக்கே தெளிவாக வேண்டியது பிரதிநிதித்துவம் பற்றிய வாதம். விர்ஜீனியாவின் பிரதிநிதிகள் அவை 1619இலேயே கூடியது; ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டாகத் தங்கள் அவைகளின் வழியே தங்களுக்குத் தாங்களே வரி விதித்துக்கொண்டவர்கள் அந்த மக்கள். ஏழாண்டுப் போரின் கடன்சுமையால் லண்டன் அந்த வழக்கத்தை மீறியபோதுதான் பூசல் பிறந்தது. 1766இல், ஆவணத் தாள்கள்மீது வரி விதித்த முத்திரைச் சட்டத்தை நீக்கிய அதே வேளையில், எல்லாவற்றிலும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்றத் தனக்கு உரிமை உண்டு என்று நாடாளுமன்றம் ஒரு சட்டத்தின் மூலம் அறிவித்தது. வரி போனது, உரிமை கோரல் நீடித்தது என்பதை ஆசிரியர் புரிந்துகொண்டால், அடுத்து வந்த பத்தாண்டுகளும் தாமாகவே விளங்கும்.

இன்னொன்று. ஒரு நாளோடு பயிற்சி முடிந்துவிடக் கூடாது. அமெரிக்காவிலேயே 2001இல் தொடங்கிய கூட்டரசுத் திட்டமொன்று பள்ளி மாவட்டங்களைப் பல்கலைக்கழகங்களோடும் அருங்காட்சியகங்களோடும் இணைத்து, வரலாற்று ஆசிரியர்களின் பயிற்சிக்குப் பத்தாண்டுக் காலம் பெரும் நிதி ஒதுக்கியது. அறிஞர்களின் உரை ஆசிரியருக்குப் பிடித்திருந்தாலும், அது வகுப்பறைக்குள் வந்து சேர்ந்ததா என்ற கேள்வி அங்கும் எழுந்தது. நம்மிடம் அந்த நிதி இல்லை. ஆனால் குறுவள மையம் என்ற அமைப்பு இருக்கிறது, அதே ஆசிரியர்கள் மீண்டும் கூடுகிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தம் மாணவர்கள் எழுதிய சில தாள்களைக் கொண்டுவரட்டும். மாணவர் எங்கே தடுமாறினார் என்பதை மேசையில் விரித்து வைத்துப் பேசும் அந்த ஒரு மணி நேரம், முதல் நாள் முழுவதையும்விடப் பயன் தரும். தேரூரிலுள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் விரிவுரையாளர்களை அந்த இரண்டாவது கூட்டத்துக்கு அழைக்கவும் முயலுங்கள்.

பதில்: குளச்சல் முதுகலை ஆசிரியை

அடிமைமுறையை எந்த அளவுக்குப் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். முழுமையாகப் பேச வேண்டும். அதை ஒரு குறையாகப் பாடத்தின் இறுதியில் ஒட்டவைக்காமல், புரட்சியின் நடுவே நடந்த போராட்டமாகச் சொல்ல வேண்டும்.

விடுதலை அறிவிப்பை எழுதிய ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தவர். அவரே எழுதிய அந்த அறிவிப்பின் முதல் வரைவில் அடிமை வணிகத்துக்காக மன்னரைச் சாடும் பத்தி ஒன்று இருந்தது. குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய பேரவை அதை நீக்கிவிட்டது. 1775 நவம்பரில் விர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர், கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகளுள் தம் படையில் சேர்வோருக்கு விடுதலை என்று அறிவித்தார். ஆயிரக்கணக்கானோர் உயிரைப் பணயம் வைத்துத் தப்பிப் பிரிட்டிஷ் பக்கம் போனார்கள். அவர்களுக்கு விடுதலை எந்தக் கொடியின் கீழ் இருந்தது என்ற கேள்வியை மாணவர்கள் முன் வையுங்கள். மறுபுறம், 1777 ஜனவரியில் மாசசூசெட்ஸின் கறுப்பின மக்கள் சிலர், புரட்சியாளர்களின் வாதங்களையே எடுத்துக்கொண்டு, தங்களுக்கும் அதே இயற்கை உரிமை உண்டு என்று சட்டமன்றத்துக்கு மனு எழுதினார்கள். 1780இன் மாசசூசெட்ஸ் அரசமைப்பு எல்லோரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்று சொன்னதை அடிப்படையாகக் கொண்டு, எலிசபெத் ஃபிரீமன் என்ற அடிமைப் பெண் 1781இல் வழக்குத் தொடுத்து வென்றார். எழுதியவர்கள் தங்களை மட்டும் மனத்தில் வைத்து எழுதியதை, விடுபட்டவர்கள் தங்களுக்கும் உரியதாக எடுத்துக்கொண்டார்கள். இந்த வரலாறு எனக்கு மிகவும் பிடித்தமானது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பின்வரிசைப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவதைக் கண்டிருக்கிறேன். பூர்வகுடிகளையும் விட்டுவிடாதீர்கள்: 1783 உடன்படிக்கை மிசிசிப்பி வரையுள்ள அவர்கள் நிலத்தைப் புதிய நாட்டுக்குக் கொடுத்தது, அவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

நம் மாவட்டத்தோடு இணைக்க வேண்டுமானால் கோட்டையைவிட ஆவணம் சிறந்தது. தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் 1809 ஜனவரியில் பிரிட்டிஷாருக்கு எதிராக வெளியிட்ட குண்டறை அறிவிப்பையும் 1776 அறிவிப்பையும் அருகருகே வைக்கலாம். இரண்டும் தம் எதிர்ப்புக்கான காரணங்களை ஊரறியச் சொல்கின்றன. ஆனால் இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. அமெரிக்க அறிவிப்பு ஆட்சிக்கு மக்களின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. குண்டறை அறிவிப்பு அரசையும் கோவிலையும் பழைய வழக்கங்களையும் காக்கச் சொல்கிறது, அன்றைய சாதி ஒழுங்கைக் காக்கும் குரலும் அதில் உண்டு. யாருக்காகப் பேசுகிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்று இரண்டையும் ஒரே கண்டிப்போடு கேட்க வேண்டும். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855இல். தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமை கிடைத்தது 1859இல். இந்த ஆண்டுகளை அறிந்த குமரி மாவட்ட மாணவருக்கு, அறிவிப்பில் எழுதப்பட்ட சமத்துவத்துக்கும் வாழ்வில் கிடைத்த சமத்துவத்துக்கும் இடையிலுள்ள தொலைவு எளிதில் புரியும். வகுப்பில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். யாரையும் தம் சமூகத்தின் சார்பாகப் பேசச் சொல்லாதீர்கள்.

கேள்வி கேட்டவர்: தக்கலை ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. காலையில் லெக்சிங்டன் தாள்கள், முற்பகலில் ரெவியரின் படம், மதியம் 1773ஆம் ஆண்டின் இரு சட்டங்கள், அதன்பின் 1777 மனுவும் குண்டறை அறிவிப்பும் என்று அமைக்க எண்ணுகிறேன். கோட்டையை விட்டுவிடுகிறேன். வாக்குமூலத்தையும் நாட்குறிப்பையும் தமிழில் தருவதற்கு முன், அவற்றை எந்த அளவுக்குச் சுருக்கலாம்?

பதில்: குழித்துறை பட்டதாரி ஆசிரியர்

ஒவ்வொன்றும் பத்து வரிக்கு மேல் போக வேண்டாம். ஊர்ப் பெயர்களையும் படைப்பிரிவுப் பெயர்களையும் நீக்கலாம். யார் எங்கே நின்றார்கள், எதைக் கண்டார்கள், எதைக் கேட்டார்கள் என்பதை மட்டும் நீக்காதீர்கள். பழைய நீண்ட வாக்கியங்களை இன்றைய எளிய தமிழில் உடைத்துத் தரலாம், ஆனால் எழுதியவர் தயங்கிய இடத்தில் நீங்கள் உறுதியாகச் சொல்லிவிடக் கூடாது. மூல ஆங்கிலத்தைத் தாளின் பின்பக்கத்தில் அச்சிடுங்கள். ஐயமுள்ள ஆசிரியர் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகமும் காங்கிரஸ் நூலகமும் ஆசிரியர்களுக்கென்றே பல ஆவணங்களை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கின்றன. மதிய நேரத்துக்கு நான்கு ஆவணங்கள் அதிகம் என்பது என் கருத்து. இரண்டு சட்டங்களையும் கரும்பலகையில் ஒரு காலக்கோட்டோடு முடித்துவிட்டு, மனுவுக்கும் குண்டறை அறிவிப்புக்கும் மீதி நேரம் முழுவதையும் கொடுங்கள். தாள்கள் தயாரானதும் இங்கே பகிர்ந்தால், நானும் குளச்சல் டீச்சரும் ஒருமுறை படித்துப் பார்த்துத் திருத்தித் தருகிறோம்.